கேட்டது சாட்சி இல்லை

அவருக்குச் சங்கீதம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஒரு பாட்டுப் பாடுங்கள் என்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து போய்விடுவார். எங்களை வைத்து அவர் செய்ததை இசை என்று நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. இரைச்சல். ஏழெட்டுப் பேர் கூடிப் போட்ட இரைச்சல். ஆனால் அந்த இரைச்சலில் ஒரு தட்டு முந்தினாலோ பிந்தினாலோ அவர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், ஃபோர்மேனின் கெட்ட வார்த்தையே மேல் என்று தோன்றும்.

சவூதியில், ஜுபைலில் எங்கள் கேம்ப் தகரமும் பிளைவுட்டும் சேர்த்து அடித்த கேபின்களின் வரிசை. பக்கத்து ரூமில் ஒருவன் சோம்பல் முறித்தால் எங்கள் ரூமில் கேட்கும். பெட்ரோகெமிக்கல் பிளான்ட்டுகளுக்குக் குழாய் போடுகிற கம்பெனி. நான் ஃபிட்டர், முதுகுளத்தூர்ப் பக்கம். அவர் யாழ்ப்பாணம். ஒர்க்‌ஷாப்பில் படம் பார்த்து, எந்தக் குழாயை எங்கே வெட்ட வேண்டும் என்று குறித்துக் கொடுக்கிற வேலை. ஐம்பதைத் தாண்டியவர். கேம்பில் எல்லோரும் சிலோன்காரர் என்றோம். அவருக்கு அது பிடிக்காது.

“சிலோன் எண்டு இப்ப ஒரு நாடு இல்லை. அது தேயிலைப் பெட்டியில மட்டும்தான் இருக்கு.”

“அப்ப உங்கள எப்படிண்ணே கூப்பிடுறது?”

“கூப்பிடாதேங்கோ. ஆர் வாறது எண்டு காலடியிலயே எனக்குத் தெரியும்.”

இப்படித்தான் பேச்சு. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டார்.

ஒரு ரூமுக்குள் வந்தால் எல்லோரும் முதலில் உட்கார இடம் தேடுவார்கள். அவர் வாசலில் நின்று கேட்பார். ஏசி, ஃபேன், குழாயில் சொட்டுகிற தண்ணீர், கட்டிலின் முனகல். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் சலாம் சொல்வார். எங்கள் ரூமில் செல்வம் என்று நாகப்பட்டினத்துப் பையன் ஒருவன், அவனும் ஃபிட்டர்தான். அவனுக்குக் குறட்டை பெரிது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவனை அவர் உலுக்கி எழுப்பினார். அவன் பதறி எழுந்தான்.

“என்னண்ணே, என்ன ஆச்சு?”

“குறட்டை பாதியில நிண்டுபோச்சு.”

“மூச்சு நின்னுடுச்சுன்னு பயந்துட்டீங்களா?”

“இல்லை. தொடங்கினா முடிக்க வேணும்.”

செல்வம் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். பைத்தியக்காரனோடு என்ன பேசுவது?

வீட்டுக்குப் பேசுவதும் அப்படித்தான். மற்றவர்கள் வீடியோ போட்டு மனைவி முகத்தையும் பிள்ளை முகத்தையும் பார்த்து அழுவார்கள். இவர் மனைவியிடம் போனை அடுப்படியில் வைக்கச் சொல்லுவார். அவ்வளவுதான். அந்த அம்மா தேங்காய் திருவுவதையும், இரண்டு மகள்கள் சண்டை போடுவதையும், சட்டி கழுவுவதையும் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பார். இவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். இளையவள் கம்பஸ், அதாவது யுனிவர்சிட்டி, முடிக்கிற வரைக்கும் இங்கே நின்றாக வேண்டும் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே குடும்பச் செய்தி அது.

அந்தக் கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பதே எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவப் போடுகிறபோது, “ஒராள் நிப்பாட்டும். மற்றவர் போடும். இப்ப நீர்” என்று ஆரம்பித்தார். வேறு வேலை இல்லாதவர்கள் சிரித்துக்கொண்டே செய்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை அதையே சரியாகச் செய்யச் சொன்னார். அதற்கடுத்த வாரம் சிரிப்பதை நிறுத்தச் சொன்னார்.

ஒருவனுக்குக் கட்டில் கால், ஸ்பேனரால் தட்ட. ஒருவனுக்குத் தட்டுகள். ஒரு ஃபிலிப்பைன்காரனுக்கு டேபிள் ஃபேன். ஓடுகிற இறக்கையில் பிளாஸ்டிக் பட்டையை உரசினால் கிரைண்டர் மாதிரி கத்தும். செல்வத்துக்கு சைக்கிள் பம்பு. கேம்ப் பஸ்ஸின் கதவு திறக்கிற சீற்றம் அதில் வரும். எனக்கு வாளியும் தண்ணீரும். இத்தனை வருஷம் குழாய் பொருத்தியவனுக்கு வாளி! ஷஃபிக் என்ற பங்களாதேஷ் பையன், கிரேனுக்குச் சைகை காட்டுகிற ரிக்கர், தன் ஹெல்மெட்டுக்குள் நட்டுகளைப் போட்டு உருட்டுவான். கிரேன் திரும்புகிற சத்தம் அப்படியே வரும். அவர் கையில் ஒரு பிவிசி குழாய். அதை வாயில் வைத்து ஊதினால் மாடு கத்துவதுபோல ஒரு ஒலி. சைட்டில் பன்னிரண்டு மணிக்கு ஊதுகிற ஹார்ன் அது.

நாங்கள் வாசித்ததற்குப் பெயர் கிடையாது. காலையில் பஸ் வருவதிலிருந்து மாலையில் திரும்புவது வரை ஒரு நாள். அதில் பாட்டு இல்லை, பேச்சு இல்லை. எங்கள் சைட்டின் சத்தம் மட்டும்.

இதை எப்படி எழுதி வைப்பது? எட்டுப் பேருக்கு ஐந்து பாஷை. அவர் குழாய்ப் படத்தில் எழுதினார். எங்கள் தொழிலில் ஐசோ என்போம். ஒரு குழாய் எங்கே ஏறுகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே வால்வு, எங்கே வெல்டிங் என்று ஒற்றைக் கோட்டில் காட்டுகிற படம். எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட அதைப் படிப்பான், ஏனென்றால் அதைப் படித்தால்தான் சோறு. ஆபீஸில் வீசிய பழைய படங்களின் பின்பக்கத்தில் அவர் தன் படத்தைப் போடுவார். கோடு வடக்கே போனால் இரும்பு. கிழக்கே போனால் தண்ணீர், காற்று. மேலே ஏறினால் சத்தம் கூட வேண்டும், இறங்கினால் குறைய வேண்டும். வெல்டிங் புள்ளி வந்தால் ஒரு தட்டு. வால்வு வந்தால் நிறுத்து. குழாயில் காற்று வெளியேற வைக்கிற சின்ன வாய்க்கு வென்ட் என்று பெயர். அதைப் போட்டிருந்தால் அவருடைய ஹார்ன். எவனுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் ஒட்டியதும் எல்லோரும் படித்தோம்.

இப்போதெல்லாம் பெரிய ஊர்களில், பெரிய ஹால்களில், வட்டமும் கோடும் போட்ட தாளைப் பார்த்து வாளி தட்டுகிறார்களாம். என் மகள் போனில் காட்டினாள். தட்டட்டும். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் கை தட்டவில்லை. “யோவ், லீவு நாள்லயாவது தூங்க விடுங்கய்யா” என்று செருப்பை எறிந்தார்கள். அவர் அந்தச் செருப்பு விழுந்த இடத்தையும் நேரத்தையும் கவனித்து, “பரவாயில்லை” என்றார்.

ஷஃபிக்தான் எங்களில் உற்சாகமானவன். ஹார்ன் முடிந்ததும், “கலாஸ்!” என்று கத்திவிட்டு ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் தூக்குவான். வேலை முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்று அர்த்தம். ஒவ்வொரு வாரமும் கத்துவான். ஒவ்வொரு வாரமும் அவர் நிறுத்துவார்.

“ஷஃபிக், படத்தில இது எங்க இருக்கு?” சைட் ஹிந்தியில்தான் கேட்பார்.

“இல்லை பாய்.”

“இல்லாததை ஏன் கத்தினாய்?”

“ஹார்ன் அடித்தால் வாய் தானாகக் கத்துகிறது பாய். நான் என்ன செய்ய?”

திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்போம். ஷஃபிக் திரும்பவும் கத்துவான்.

ஒரு தடவை பெரிய கூத்து நடந்தது. அவர் போட்ட படம் ஒன்று எப்படியோ ஒர்க்‌ஷாப் படங்களோடு கலந்துபோய்விட்டது. செல்வம் அதை எடுத்து, குழாய் வெட்டி, வளைவு வைத்து, பாயிண்ட் வெல்டிங் போட்டு, நிமிர்த்தி நிறுத்தியும் விட்டான். நல்ல விலை உயர்ந்த குழாய். ஃபோர்மேன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எங்கிருந்தும் வராமல் எங்கேயும் போகாமல், ஏறி, திரும்பி, இறங்கி, மறுபடி ஏறிப் போகிற குழாய். “இது எந்த யூனிட்டுக்கு?” என்று கேட்டான். செல்வம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அவர் வந்தார். அந்தக் குழாயைச் சுற்றி நடந்தார். செல்வத்தைத் தனியே கூப்பிட்டார். தப்பித்துக்கொள்ள வழி சொல்லப்போகிறார் என்று அவன் நம்பினான்.

“மூண்டாவது வளைவு மேற்க திரும்ப வேணும். நீர் கிழக்க திருப்பிப் போட்டீர். ஐசோ வடிவாப் பாக்கிறதில்லையோ?”

“அண்ணே, எனக்கு வேலை போயிரும்ணே!”

“அது வேறை. இது பிழை.”

பிறகு ஃபோர்மேன் கேபினுக்குப் போய், படம் தன்னுடையது என்று சொல்லிவிட்டார். செல்வம் தப்பினான். அவருக்கு வார்னிங் கொடுத்தார்கள். இன்னொரு புகார் வந்தால் ஃபைனல் எக்ஸிட், ஊருக்கு டிக்கெட். அவர் அதற்கு மறுப்பும் சொல்லவில்லை, வருத்தமும் காட்டவில்லை. அந்தக் குழாயை ஸ்கிராப்பில் போட்டபோது விழுந்த சத்தம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சண்டை நேரம் பங்கருக்குள்ள இருந்தனாங்கள் தம்பி. மேல ஒண்டும் தெரியாது. தூரத்தில ஆமி செல் குத்துற சத்தம் கேட்டா, விழுற வரைக்கும் எண்ணுவம். கூவுற சத்தம் கேட்டா அது தாண்டிப் போகுது எண்டு அர்த்தம். கேட்ட செல் கொல்லாது. எங்கடை அப்பாவுக்கு விழுந்தது ஒருத்தருக்கும் கேக்கேல்லை.”

சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார்.

இனி அந்தக் கோடையைச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோடையில் மூன்று மாதம், பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பன்னிரண்டு ஆனதும் ஹார்ன் ஊதும். எல்லோரும் கருவியைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போவோம். அந்த வருஷம் ஷட்டவுன் வேலை. பிளான்ட்டை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பது. இரவும் பகலும் இரண்டு ஷிஃப்ட். வேலை பிந்திவிட்டது. அன்றைக்குப் பன்னிரண்டுக்கு ஹார்ன் ஊதவில்லை. கெட்டுப்போகவில்லை, ஊதவில்லை. “ஒரு லிஃப்ட்தான் பாக்கி, ஜல்தி, ஜல்தி” என்றான் ஃபோர்மேன். நாங்கள் குழாய் அடுக்குக்குக் கீழே நிழலில் நின்றோம். ஷஃபிக் வெட்டவெளியில் நின்று கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். கிரேன் ஒரு பாரத்தைத் தூக்கி வைத்தது, ஒரு லிஃப்ட் முடிந்தது. இன்னொன்று என்றார்கள். அதுவும் முடிந்தது. இன்னொன்று.

அவன் கை காட்டுவது குழம்ப ஆரம்பித்தது. மேலே என்பதற்குக் கீழே என்று காட்டினான். பிறகு உட்கார்ந்தான். பிறகு படுத்தான். ஓடிப்போய்த் தொட்டேன். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கத்தினோம். ஃபோர்மேன் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தான். பின்னால் தூக்கிப் போட்டார்கள். கிளினிக்குக்குப் போகிறார்கள் என்று நினைத்தோம்.

போகவில்லை. கேம்புக்குக் கொண்டுபோய், அவன் ரூமில், அவன் கட்டிலில் கிடத்தினார்கள். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார்கள். ரூமில் தூக்கத்தில் ஹார்ட் அட்டாக். முடிந்தது கதை. கம்பெனிக்கு ஒரு தொல்லையும் இல்லை. வண்டியில் ஏற்றுகிறபோது மூச்சு இருந்ததா என்றால், நான் டாக்டர் இல்லை. ஆம்புலன்ஸ் சைட்டுக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்றும் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள்?

சாயங்காலம் அட்மின் வந்தான். சென்னைக்காரன், டை கட்டினவன். மெஸ்ஸில் எங்கள் தமிழ் ஆட்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினான்.

“எல்லாருக்கும் வருத்தம்தான். எனக்கும்தான். இயற்கை மரணம். வதந்தி பரப்புறவங்க அவங்க வேலையை அவங்களே கெடுத்துக்கிறாங்க, அவ்வளவுதான். புரிஞ்சுதா?” பிறகு அவரைப் பார்த்து, “அண்ணே, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் இருக்கு. நீங்க நைட் ஷிஃப்ட்ல இருந்தவர். சைட்டுல இல்ல. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றான்.

“ஓம். நான் காணேல்லை” என்றார் அவர்.

உண்மைதான். அவர் இரவு வேலை முடித்துவிட்டு ஷஃபிக்கின் பக்கத்து ரூமில் படுத்திருந்தார். நடுவில் ஒரு பிளைவுட். பிக்கப் வந்து நின்றது, கதவு, பாரம் சுமக்கிறவர்களின் காலடி, கட்டில், பிறகு தரையில் ஒவ்வொன்றாக விழுந்த பூட்ஸ், எல்லாம் அவருக்குக் கேட்டது.

“போய்ச் சொல்லுங்களேண்ணே, லேபர் ஆபீஸ்ல” என்றேன்.

“என்னத்தைச் சொல்ல? ஒரு ஆளையும் நான் காணேல்லை. கேட்டது சாட்சி இல்லை.”

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்துக்கு அவரை அடித்திருப்பேன். ஒவ்வொருவராகப் பிடித்து உட்கார வைத்து, அன்றைக்கு என்ன கேட்டது என்று கேட்டார். என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. காலையில் பஸ் கதவு எத்தனை தரம் திறந்தது? கிரைண்டர் எப்போது நின்றது? அவன் விழுகிறபோது கிரேன் ஓடிக்கொண்டிருந்ததா?

“எனக்குத் தெரியாதுண்ணே! அவன் செத்துக்கிட்டிருந்தான். சத்தத்தை எவன் கேட்டான்?”

“கேட்டிருப்பீர். காதுக்கு மூடி இல்லை. யோசியும்.”

யோசித்தேன். அவன் சரிகிறபோது கிரேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதன் பிறகுதான் நின்றது. தண்ணீர் கேன் ஒன்று கவிழ்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாமல் எனக்குள் அது இருந்தது. அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அவர் தாளில் கிழக்கே ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

ஷஃபிக்கின் தம்பி தமாமில் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தான். அண்ணனின் துணிமணிப் பெட்டியை எடுத்துப் போக ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். அண்ணனைப் போலவே ஒல்லி. அட்மின் அவனை விட்டு ஒரு நிமிஷமும் நகரவில்லை. எங்களோடு பேச விடவில்லை. தோளில் கை போட்டு மெஸ்ஸில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். “தூக்கத்திலேயே போய்விட்டான், கஷ்டப்படவில்லை” என்று ஹிந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னான். தம்பி டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “காலையில் எனக்கு போன் பண்ணினானே, டூட்டிக்குப் போகிறேன் என்றானே” என்றான். “போகவில்லை. உடம்பு சரியில்லை என்று ரூமுக்கு வந்துவிட்டான்” என்றான் அட்மின். அந்தத் தம்பிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் அண்ணன் எப்படிச் செத்தான். அதை மட்டும் அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒருவன் டை கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அவர் எழுந்து அட்மினிடம் போனார்.

“ஷஃபிக் எங்கடை கூட்டத்தில ஒராள். தம்பிக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டப் போறம்.”

“அந்தத் தட்டு, வாளியா?” அட்மின் சிரித்தான். “சரி, அஞ்சு நிமிஷம். நல்ல விஷயம்தான். நான் வீடியோ எடுத்து வெல்ஃபேர் குரூப்ல போடுறேன்.”

படத்தை மெஸ் சுவரில் ஒட்டினார். நான் பார்த்தேன். எங்கள் பழைய படம்தான் என்று முதலில் நினைத்தேன். நடுவில் வென்ட் இருக்கிற இடத்தில் அதன் வாய்க்கு ப்ளைண்ட் போட்டிருந்தார். ப்ளைண்ட் என்றால் குழாயின் வாயை அடைக்கிற தகடு. செல்வத்தின் முன்னால் பம்போடு ஒரு ஜோடி பூட்ஸும் இருந்தது. ஷஃபிக்கின் ஹெல்மெட்டை அவரே எடுத்துக்கொண்டார்.

ஆரம்பித்தோம். பம்பு சீறியது, பஸ். கட்டில் கால், பிளாட்பாரத்தில் பூட்ஸ்கள் ஏறுகிற ஓசை. ஃபேன் கத்தியது. ஹெல்மெட்டுக்குள் நட்டுகள் உருண்டன, கிரேன். தம்பி சாரம் கட்டுகிறவன், பிறந்ததிலிருந்து சைட்டில் இருப்பவன் மாதிரி. அவனுக்கு ஒவ்வொன்றும் புரிந்தது. தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தான்.

பன்னிரண்டு வந்தது. அவர் ஒரு கையில் ஹெல்மெட்டை உருட்டிக்கொண்டே மறு கையால் பிவிசி குழாயை எடுத்து வாயில் வைத்தார். ஊதவில்லை. வைத்தபடியே இருந்தார். ஃபேன் நிற்கவில்லை. கட்டில் கால் நிற்கவில்லை. ஹெல்மெட் உருண்டுகொண்டே இருந்தது.

தம்பி நிமிர்ந்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான். கையிலிருந்த டீயை மேசையில் வைத்தான்.

“ஹார்ன் கஹாங் ஹை, பாய்?” என்றான். ஹார்ன் எங்கே?

வாசித்துக்கொண்டிருந்தோம். படத்தில் பதிலுக்கு இடம் இல்லை. நட்டுகளின் உருளல் தடுமாறியது. ஒரு பக்கமாகச் சரிந்தது. நின்றது. நான் வாளியிலிருந்து தண்ணீரைத் தரையில் ஊற்றினேன், மெல்ல, அந்தக் கேன் கவிழ்ந்து கொட்டியதுபோல. மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு கோடு. நீளமான கோடு. பிக்கப் சைட்டிலிருந்து கேம்புக்கு வருகிற தூரம் அது.

அதன் பிறகு செல்வம் ஒரு பூட்ஸைத் தரையில் போட்டான். கொஞ்சம் விட்டு மற்றொன்றைப் போட்டான்.

ரூமுக்குத் தூங்க வந்தவனின் பூட்ஸ் வாசலில் கிடக்கும். கட்டிலில் வைத்து இன்னொருவன் கழற்றிப் போட மாட்டான். கேம்பில் வாழ்ந்த எவனுக்கும் இது தெரியும். தம்பி எழுந்து நின்றான். அட்மின் பக்கம் திரும்பி, அமைதியாகத்தான் கேட்டான்:

“அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஹார்ன் ஊதினீர்களா, இல்லையா?”

அட்மின் கையில் போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை. “இதெல்லாம் விளையாட்டு... பசங்க சும்மா...” என்றான். தம்பி பெட்டியை எடுக்காமல் வெளியே போனான்.

லேபர் ஆபீஸுக்குப் போனான், எம்பஸிக்குப் போனான். உடலை வாங்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றான். விசாரிக்க ஒருவர் வந்தார். நானும் செல்வமும் பார்த்ததைச் சொன்னோம். எங்களை வேறு சைட்டுக்குத் தூக்கிப் போட்டார்கள். கடைசியில் பேப்பரில் என்ன இருந்தது? இதயம் நின்று மரணம். இதயம் நிற்காமல் செத்தவன் எவனாவது உண்டா? இடம்: கேம்ப். ஒரு எழுத்து மாறவில்லை. உடலைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் தம்பி எனக்கு போன் செய்தான். “அம்மாவிடம் சொல்லிவிட்டேன் பாய். வெயிலில் நிற்க வைத்துக் கொன்றார்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் தெரிந்துகொண்டு அழுகிறாள்” என்றான். வேறொன்றும் கிடைக்கவில்லை. அட்மின் இப்போது துபாயில் பெரிய ஆபீஸில் இருக்கிறானாம்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அவருக்கு அந்த வாரமே டிக்கெட் போட்டுவிட்டார்கள். ஏர்போர்ட் வண்டிக்காகக் கேம்ப் கேட்டுக்கு வெளியே நின்றார். ஒரு பை. நான் மட்டும்தான் போனேன். வழியனுப்பப் போகவில்லை, சண்டை போடப் போனேன்.

“இப்ப திருப்தியாண்ணே? இளைய பொண்ணு படிப்புக்கு என்ன பண்ணுவீங்க?”

“பாப்பம்.”

“தம்பி நம்பர் என்கிட்ட இருந்துச்சு. ரகசியமா ஒரு போன் போட்டு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அட்மினை எதுக்கு முன்னாடி உக்கார வச்சீங்க?”

“காணாததை நான் வாயால சொல்ல ஏலாது. கேட்டதைக் கேக்கப் பண்ணலாம். அவரும் கேக்க வேணும்தானே?”

வண்டி தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவர் பையைத் தோளில் மாட்டினார்.

“செல்வத்திட்டச் சொல்லும். முதல் பூட்ஸ் சரி. ரெண்டாவதைப் போடேக்கை கை நடுங்கிப் போச்சு. மெல்லப் போட்டிட்டான்.”

“பயம்ணே. அட்மின் எதுத்தாப்புல உக்காந்திருந்தானே.”

“தெரியும்” என்றார். “ஆனா அண்டைக்கு அதைக் கழட்டிப் போட்டவங்கள் பயப்பிடேல்லை.”